ஓடை மாடனுக்கு எத்தனை கால்

கிட்ட வந்து உட்காருங்க தம்பி. இன்னும் கொஞ்சம். அந்த ஜன்னல் கண்ணாடி ஏறாது, மூணு வருஷமா அப்படித்தான் கிடக்கு. ஆழியாறு தாண்டினதும் சாரல் உங்க சட்டையைத்தான் முதலில் நனைக்கும். அதுவுமில்லாமல், நான் சொல்லப்போவதைக் கத்திச் சொல்ல முடியாது. மலை ஏற ஏறச் சில பேச்சை வாய்க்குள்ளேயே வைத்துப் பேச வேண்டும். பொழுது சாய்கிற நேரத்தில் அதன் பேரைச் சொல்ல மாட்டேன். 'அது' என்றுதான் சொல்வேன். மஞ்சள் தோல், மேலெல்லாம் கரும்புள்ளி. புரிந்ததா, அதுதான்.

நீங்க காட்டிலாகாவா? இல்லையா. பேங்கா? சரி, எதுவாக இருந்தால் என்ன. நரிப்பாறை எஸ்டேட்டுக்குப் புதுசாகப் போகிறவர் என்றால் இதைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

என் பேர் மாசானம். நாற்பத்தொரு வருஷம் நரிப்பாறையில் கவாத்து வெட்டினேன், மருந்தடித்தேன், கடைசியில் வாட்ச்மேனாக இருந்து ஓய்ந்தேன். அதெல்லாம் வயிற்றுக்கு. என் வேலை வேறு. ஓடை மாடனுக்கு நான்தான் பூசாரி. எங்க தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து தேயிலைக்கு வந்தபோது மாற்றுத் துணி கிடையாது. ஊர் மாடன் கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து மடியில் முடிந்துகொண்டு வந்தார். மூணாம் லைன் வீடுகளுக்குக் கீழே, ஓடைக்கரையில், அந்த மண்ணை வைத்து அதன்மேல் ஒரு கல்லை நட்டார். முழங்கால் உயரம்தான். ஆனால் மஞ்சள் சாத்திக் கண் எழுதிவிட்டால், அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் சொல்ல முடியாது.

எங்க பிள்ளைகள் எல்லாம் திருப்பூர், கோயம்புத்தூர் என்று மலையிறங்கிப் போய்விட்டார்கள். கொழுந்து கிள்ள ஆள் இல்லை. அப்போதுதான் கம்பெனி ஜார்க்கண்டிலிருந்து ஆள் கொண்டுவந்தது. மூணு நாள் ரயில். இந்த நாடு எவ்வளவு பெரிசு என்று அவங்க லாரியிலிருந்து இறங்கின அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவங்களும் ஓட்டுப் போடுகிறாங்க, நாங்களும் ஓட்டுப் போடுகிறோம். ஒரு வாய் தண்ணி கேட்க மட்டும் கையைக் குவித்து ஜாடை காட்ட வேண்டியிருந்தது.

நாங்க அவங்களை நல்லபடியாகத்தான் வைத்துக்கொண்டோம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளியே வேற மாதிரி பேசுகிறாங்க. மேல் லைனில் நாலு வீடு காலியாக இருந்தது, உண்மைதான். ஆனால் அவங்க காட்டுச் சனம். காடு பக்கத்தில் இருந்தால்தானே மனசு ஒட்டும்? அதனால் ஓடைக்கு மேலே இருக்கிற மூணாம் லைனை ஒதுக்கினோம். மேல் லைனில் லைட்டுக் கம்பம் இருக்கிறது. அந்த வெளிச்சம் அவங்களுக்குக் கண் கூசும்.

அவங்களில் ஒருத்தி புத்னி. புதன்கிழமை பிறந்தவளாம், அதுதான் பேர். மகள் மங்ரி, செவ்வாய்க்கிழமை. மூணு வயசு. கிழமையை வைத்தே பேர் வைத்துவிடுகிறாங்க, சோசியனுக்கு வேலை இல்லை. புருஷன் சுக்ரா வாயில்லாத ஆள். இவளும் அதிகம் பேச மாட்டாள், ஆனால் காது இருக்கிறதே, காது. நீங்க ஒரு சொல் சொன்னால் அப்படியே நின்று உங்க வாயைப் பார்ப்பாள். சாயங்காலம் பார்த்தால் அந்தச் சொல் அவள் வாயில் இருக்கும். மூணு மாசத்தில் என் சம்சாரம் செல்லக்கனியோடு சண்டை போடுகிற அளவுக்குத் தமிழ் வந்துவிட்டது, உடைந்த தமிழ்தான்.

அந்த வருஷம் ஆனி மாசத்தில்தான் நாய்கள் குறைய ஆரம்பித்தன.

மூணு லைனுக்கும் சேர்த்துப் பதினோரு நாய். ஒரு வாரம் பார்த்தால் ஒன்பது. அப்புறம் ஆறு. ஆடி பிறக்கும்போது ரெண்டே ரெண்டு, அதுவும் கட்டிலுக்கடியை விட்டு வெளியே வராது. நாய் குரைக்காத லைனில் இருந்திருக்கீங்களா தம்பி? மழை பெய்யும். ஓடை ஓடும். அந்த ரெண்டு சத்தத்துக்கு நடுவில் ஒரு இடம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தில் யாரோ மூச்சு விடுவது மாதிரியே தோன்றும்.

மூணாம் லைன் ஆட்கள் பயந்தார்கள். எனக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. மாடன் வேட்டைச் சாமி. வேட்டைக்கு நாய் வேணும், எடுத்துக்கொண்டான். எதற்கு எடுத்துக்கொண்டான்? பசி. வருஷத்துக்கு ஒரு கொடை விழா, ஒரு கிடாய், அது அவனுக்கு எந்த மூலைக்கு? ஆகவே வாரா வாரம் வெள்ளிக்கிழமை படப்பு போடுவது என்று முடிவு செய்தேன். வாழையிலை விரித்து ஆட்டுக்குடல், ஈரல், சேவல் தலை, ரத்தம் பிசைந்த சோறு. விளக்கு வைக்கிற நேரத்தில் கல்லுக்கு முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும்.

விடிந்து போய்ப் பார்த்தால் இலை சுத்தம். ஒரு பருக்கை இல்லை. கழுவித் துடைத்து வைத்த மாதிரி.

உடம்பு சிலிர்த்துவிட்டது எனக்கு. நாற்பது வருஷமாகப் பூசை செய்கிறேன், காக்கா கொத்தினதும் எறும்பு மொய்த்ததும்தான் பார்த்திருக்கிறேன். இப்படிச் சாப்பிட்டதில்லை. ரெண்டாம் வெள்ளியிலிருந்து மாடன் என்மேல் இறங்கவும் ஆரம்பித்தான். "ஏலேய், எவம்லே என் எல்லையில நிக்கது" என்று கேட்பான். என் வாய்தான், ஆனால் கேட்பது அவன். சனம் கும்பிட்டு நிற்கும். புத்னி மட்டும் பத்தடி தள்ளி, மங்ரியை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் உதடு அசையும். பக்தி என்று நினைத்துக்கொண்டேன். பக்திதான்.

மூணாம் வெள்ளி முடிந்த சனிக்கிழமை காலையில் அவள் என்னை ஓடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முந்தின நாள் சாயங்காலம் நான் வந்த பிறகு, கல்லைச் சுற்றி அடுப்புச் சாம்பலைத் தூவி வைத்திருக்கிறாள். பாறை மறைவு, மழை படவில்லை.

"பூசாரி, சாமிக்குக் கால் எத்தனை?"

"இதென்ன கேள்வி புள்ள. ரெண்டு."

"இங்க நாலு இருக்கு."

குனிந்து பார்த்தேன். இருந்தது. என் உள்ளங்கை அகலம் ஒவ்வொன்றும். நகம் தெரியவில்லை, பஞ்சு பஞ்சாகப் பதிந்திருந்தது.

"மாடன் வேட்டைக்கு வாரப்ப எந்த உருவத்துலயும் வருவான். ரெண்டு காலோடதான் வரணும்னு நாம சட்டம் போட முடியுமா?"

"சாமி இலையை நக்குமா?"

"ருசியா இருந்தா நக்கும். உன் செல்லக்கனி அக்கா வச்ச கொழம்பாக்கும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கல்லிலிருந்து அவள் வீட்டு வாசல் வரைக்கும் அடி வைத்து எண்ணிக்கொண்டே போனாள். ஐம்பத்திரண்டு என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

அன்றைக்கே மேனேஜர் பங்களாவுக்கும் போயிருக்கிறாள். மூணாம் லைனுக்கு லைட்டு வேணும், வீட்டுச் சுவர் வரைக்கும் வளர்ந்து கிடக்கிற உண்ணிச்செடியை வெட்ட வேணும் என்று கேட்டிருக்கிறாள். மேனேஜர் வெளியூர்க்காரர், நல்ல மாதிரி. "எழுதி அனுப்பியிருக்கேன்மா" என்றாராம். அதைத்தான் அவருக்கு முந்தின மேனேஜரும் சொன்னார், அவருக்கும் முந்தினவரும் சொன்னார். மேல் லைனில் எல்லோரும் சிரித்தார்கள். வந்து நாலு மாசம் ஆகவில்லை, லைட்டு கேட்கிறாள் பார் என்று.

இதோ, இந்த வளைவு பாருங்க தம்பி. பதிமூணாவது. வலது கைப் பக்கம் புதுசாகச் சுவர் கட்டியிருக்காங்களே, அங்கேதான் ஆடி நாலாம் வெள்ளி மண் சரிந்தது. ரோடு இல்லை. கறி வண்டி ஏறவில்லை. எஸ்டேட் முழுக்க ஒரு கோழிகூட விலைக்குக் கிடைக்கவில்லை. கொட்டுகிற மழை. நான் ஒரு தேங்காயை உடைத்து வைத்துவிட்டு, "இந்த ஒரு வாரம் பொறுத்துக்கோப்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மாடன் பொறுக்கவில்லை.

ஆறரை மணி இருக்கும். கரண்டு இல்லை. புத்னி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். மங்ரி வாசற்படியில் உட்கார்ந்து கொழுந்து கிள்ளும்போது இடுப்பில் கட்டுகிற கெட்டித் துணிப் படங்கில் கிழிந்த ஒன்றைத் தலையில் போட்டு விளையாடிக்கொண்டிருந்தது. புத்னி பிற்பாடு சொன்னாள், முதலில் சத்தமே இல்லையாம். குழந்தை பேசிக்கொண்டே இருந்தது, பேச்சு நடுவில் நின்றது. அவ்வளவுதான். இவள் திரும்பினால் வாசலில் குழந்தையின் கால் ரெண்டும் வெளியே நகர்ந்துகொண்டிருக்கிறது.

பாய்ந்து காலைப் பிடித்தாள். அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் இவள். எரிகிற விறகு கையில் இருந்தது, அதை அதன் மூஞ்சியில் குத்தினாள். ஒரு தரம் இல்லை, பல தரம். அது விட்டது. விட்டுவிட்டு ஓடவில்லையாம் தம்பி. ரெண்டு எட்டுத் தள்ளி நின்று அவளையே பார்த்ததாம். ஏமாந்துபோன மாதிரி பார்த்தது என்றாள். அப்புறம் மெதுவாக ஓடைப் பக்கம் இறங்கிப் போனது.

கழுத்தும் தோளும் கிழிந்திருந்தது. எஸ்டேட் ஜீப்பில் இந்த வளைவு வரைக்கும் வந்தோம். அதற்கப்புறம் சேறு. நான்தான் மங்ரியைத் தோளில் போட்டு மண்சரிவைத் தாண்டினேன். அறுபத்தெட்டு வயசு எனக்கு, முழங்கால் வரைக்கும் புதைகிறது, சுக்ரா முன்னால் டார்ச் பிடிக்கிறான், புத்னி என் முதுகுக்குப் பின்னால் குழந்தையின் கழுத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வருகிறாள். அந்தப் பிஞ்சு ஒரு தரம்கூட அழவில்லை. என் காதைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். இப்போதும் அந்தக் காது சூடாக இருக்கிற மாதிரி இருக்கும். அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் நின்றது. முப்பத்தொரு தையல். பிழைத்துவிட்டது.

ஒரு வெள்ளி விட்டதற்கே இந்தக் கோபம் என்றால் பார்த்துக்கிடுங்க.

அவங்க ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நான் சும்மா இருக்கவில்லை. அடுத்த வெள்ளி இரட்டைப் படப்பு. அதற்கடுத்த வெள்ளிக்கு முழு ஆடே விடுவது என்று மேல் லைனில் எல்லோரும் பேசி முடித்தோம். செல்லக்கனி தான் வளர்த்த கிடாயைத் தருகிறேன் என்றாள். எல்லாம் யாருக்காக? அந்தக் குழந்தைக்காக. இதில் ஒரு விசேஷம் என்னவென்றால், மாடன் இப்போது விளக்கு வைக்கிற நேரம் வரை காத்திருக்கவில்லை. நாலு மணிக்கே, நான் இலை விரிக்கப் போகும்போதே, தேயிலைச் செடிகளுக்குள் ஒரு இடம் அசையும். மழை இல்லை, காற்று இல்லை. அந்த ஒரு இடம் மட்டும் அசையும். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து காத்திருக்கிற சாமியை நீங்க எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?

புதன்கிழமை புத்னி குழந்தையோடு திரும்பினாள். நேரே என் வீட்டுக்கு வந்தாள். கிடாய் வாசலில் கட்டியிருந்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பூசாரி, வேண்டாம். குடுத்துக் குடுத்துப் பழக்கிட்டீங்க."

"சாமியைப் பழக்க முடியுமா புள்ள? அதென்ன பூனையா?"

"கல்லை வேற இடம் வைங்க. தூரமா வைங்க."

செல்லக்கனி உள்ளேயிருந்து, "ஏட்டி, வாயைக் கழுவு" என்றாள்.

நான் பொறுமையாகத்தான் சொன்னேன். "புத்னி, மாடனை மனுஷன் நகத்தப்படாது. நகத்தினவன் வம்சம் வெளங்காது. அவனா எழுந்திருச்சுப் போனாத்தான் உண்டு."

அவள் என் வாயையே பார்த்தாள். "அவனா போவானா?"

"எங்க தாத்தா ஊர்ல ஒரு தடவ போயிருக்கான். காலையில பாத்தா குளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தானாம்."

"அவனா போனா?"

"அவனா போனா எவனாலயும் தடுக்க முடியாது. போன இடத்துலதான் பூசை. கவர்னரே வந்தாலும் சரி."

தலையை ஆட்டினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்கிற சாதி என்று செல்லக்கனியிடம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. வேலைக்குப் பேர் கூப்பிட்டு மஸ்டர் எடுக்கிற இடத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்து என்னை எழுப்பினார்கள். ஓடைக்கரையில் கல் இல்லை. குழி மட்டும் இருந்தது. மாடன் எங்கே இருந்தான் தெரியுமா? மேனேஜர் பங்களா கேட்டுக்கு நேர் எதிரே, செம்பருத்திச் செடிக்குக் கீழே, பங்களா வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

நான் அப்படியே விழுந்து கும்பிட்டேன். ஓடையிலிருந்து பங்களா வரைக்கும் தேயிலைக்கு நடுவே தடம் இருந்தது. அகலமாக, மண்ணை வழித்துக்கொண்டு போன தடம். கையிலிருக்கிற ஈட்டியை, வல்லயத்தை, இழுத்துக்கொண்டே நடந்திருக்கிறான். வழியெல்லாம் கொழுந்துப் படங்கு நூல் பிய்ந்து கிடந்தது, காற்றில் பறந்து வந்திருக்கும். கூட்டத்தில் புத்னியும் நின்றாள். சேலைத் தோளில் மஞ்சள். பாவம், குழந்தைப் புண்ணுக்கு மஞ்சள் அரைத்துப் போட்டிருப்பாள். சுக்ரா அன்றைக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேலைக்கே வரவில்லை. ஆஸ்பத்திரிப் பெஞ்சில் படுத்த வலி.

மேனேஜர் குதித்தார். "இதை யார் கொண்டுவந்து வச்சது?"

"யாரும் வைக்கலை துரை. அவரா வந்துட்டாரு."

"எடுங்க உடனே."

யார் எடுப்பது? இருநூறு பேர் நிற்கிறோம், ஒருத்தன் கை நீளவில்லை. டிரைவரைக் கூப்பிட்டார், அவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் கிடாயைப் பங்களா கேட்டிலேயே கொடுத்தேன். விடிந்து பார்த்தால் இலை சுத்தம். அடுத்த வெள்ளியும் அப்படித்தான். மூணாம் லைன் பக்கம் அந்த ரெண்டு வாரமும் ஒரு இலைகூட அசையவில்லை. அப்புறம் வந்த செவ்வாய்க்கிழமை, மேனேஜர் போர்ட்டிகோவில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் காலடியில் படுத்திருந்த நாயைக் காணோம். கன்றுக்குட்டி உயரம் இருக்கும் அது, வெளிநாட்டுச் சாதி. காலடியில் இருந்த நாய் தம்பி. கப்பைக் கீழே வைக்கக் குனிந்தாராம், சங்கிலி மட்டும் கிடந்ததாம்.

மறுநாள் காட்டிலாகா ஜீப் வந்தது. கூண்டு வந்தது. பங்களாவைச் சுற்றி ஆறு லைட்டு, பகல் மாதிரி. ஐந்து ஏக்கர் உண்ணிச்செடியை ரெண்டே நாளில் வெட்டித் தள்ளினார்கள், பங்களாவைச் சுற்றி மட்டும். காட்டிலாகா கார்டு என்னிடம், "பெரியவரே, கறி போடுறதை நிறுத்துங்க, அதுதான் அதைக் கூப்பிடுது" என்றார். சின்னப் பையன், படித்தவன், அவனுக்குச் சாமி காரியம் என்ன தெரியும். சரி சரி என்றேன். கூண்டில் எதுவும் விழவில்லை. விழுமா?

கார்டு போனதும் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது. "மாசானம், இந்தக் கல்லை பழைய இடத்துக்கே கொண்டு போயிடுங்க. என்ன பூசை வேணுமோ அங்க செஞ்சுக்கோங்க. ஆடு கம்பெனி தரும். வாரா வாரம் தரும்."

மனுஷனுக்குப் பக்தி வந்துவிட்டதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாடனும் ஓடைக்கு ஏங்கிப்போய்த்தான் இருந்தான், எனக்குத் தெரியும். அவனிடம் பூப்போட்டுக் கேட்டேன், உத்தரவு கொடுத்துவிட்டான். அடுத்த வெள்ளி காலை பத்து மணிக்குக் கல்லை எடுத்து, மேளத்தோடு ஓடைக்குக் கொண்டுபோய், அங்கேயே ஆட்டை வெட்டுவது என்று ஏற்பாடு. புத்னியிடம் நானே போய்ச் சொன்னேன். "இனி பயமில்ல புள்ள, மாடன் உன் வீட்டுப் பக்கத்துலயே வந்திருவான்." அவள் மங்ரியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். குழந்தை இப்போதெல்லாம் வாசல் பக்கம் முதுகைக் காட்டி உட்காராது. சுவரில் சாய்ந்துதான் உட்காரும்.

வெள்ளிக்கிழமை மேளம் வந்தது. மேனேஜர் கேட்டுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூங்கில் கட்டி, கயிறு போட்டு, நாலு பேர் தோள் கொடுக்கத் தயார். ஆட்டுக்கு மாலை போட்டாகிவிட்டது. நான் அரிவாளை எடுத்துக் கண்ணில் ஒற்றினேன்.

கொழுந்துக் கூடையோடு புத்னி வந்தாள். கூடையை இறக்கினாள். கொண்டையை அவிழ்த்தாள். அப்புறம் ஒரு உறுமல் உறுமினாள் பாருங்க, மேளக்காரன் கை நின்றுவிட்டது.

"ஏலேய், எவம்லே என் எல்லையில நிக்கது?"

தம்பி, அவளுக்குத் தமிழ் அவ்வளவு வராது. 'நிற்கிறது' என்பதையே 'நிக்கி' என்பாள். அன்றைக்குத் திருநெல்வேலித் தமிழ் தண்ணியாகக் கொட்டுகிறது. என் குரலில் பேசினாள் என்று செல்லக்கனி சொன்னாள். என் குரல் ஏது, மாடன் குரல்.

"மாசானம், என்னைத் தொட்டா உன் கை வெளங்காதுலே. நான் உக்காந்த இடம் இதுதான். ஓடைப் பக்கம் இனி ஒரு சொட்டு ரத்தம் விழப்படாது. எனக்கு ரத்தம் குமட்டிப் போச்சு. பச்சரிசியும் பயறும் போட்டுப் பொங்கி வையி, போதும்."

நான் மண்ணில் விழுந்துவிட்டேன். அவள் திரும்பி மேனேஜரைப் பார்த்தாள்.

"ஏலேய் துரை. மூணாம் லைனுக்கு லைட்டு போடு. செடியை வெட்டு. இல்லேன்னா வேட்டைக்கு உன் வீட்டுக்குள்ள வருவேன்."

மேனேஜருக்கு எங்க திருநெல்வேலித் தமிழ் பாதிதான் புரியும். அன்றைக்கு முழுசும் புரிந்தது. கையைக் கூப்பிவிட்டார். புத்னி என் கையிலிருந்த அரிவாளை வாங்கி ஆட்டுக் கயிற்றை வெட்டிவிட்டாள். சாமி வந்தவர்கள் அப்புறம் மயங்கி விழுவார்கள். இவள் விழவில்லை. முடியை அள்ளிக் கொண்டை போட்டாள், கூடையைத் தூக்கினாள், என்னைப் பார்த்து, "பூசாரி, எதுக்கு இவ்ளோ கூட்டம்?" என்றாள். பழைய உடைந்த தமிழ். அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை பாவம். இதைவிடச் சாட்சி என்ன வேணும்?

நாலே நாளில் மூணாம் லைனுக்கு லைட்டு வந்தது.

அதற்கப்புறம் அது வரவில்லை என்கிறார்கள். மூணாம் லைனில் இப்போது நாலு நாய்க்குட்டி. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பயறும் பச்சரிசியும் எத்தனை நாளைக்கு? மாடன் இளைத்துப் போனான். கனவில் வந்து ஓடைக்கரையில் நின்றான், நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு. நாலு காலில் நின்றான். அதனால் போன வாரம் யாருக்கும் சொல்லாமல் பொள்ளாச்சிக்கு வந்து ஒரு கிலோ ஈரல் வாங்கிக்கொண்டு போனேன், பழைய குழியில் வைக்கலாம் என்று. எஸ்டேட் ஸ்டாப்பில் புத்னி நின்றாள். "வயசாச்சு பூசாரி, குடுங்க" என்று பையை வாங்கிக்கொண்டு வீடு வரைக்கும் வந்தாள். நல்ல புள்ள. ஓடைக்குப் போய்ப் பையைத் திறக்கிறேன், உள்ளே பச்சரிசியும் பயறும். ஈரல் பயறாக மாறிவிட்டது தம்பி. நாற்பது வருஷத்தில் நான் கண்ணால் கண்ட அற்புதம் அது. மாடன் என்னைச் சோதிக்கிறான், விடாமல் கொடு என்கிறான். அதனால் இன்றைக்கு ரெண்டு கிலோ. இதோ, காலுக்கடியில் இருக்கிறது பாருங்க, மிதித்துவிடாதீங்க. இன்றைக்கு ஸ்டாப் வரைக்கும் போகப்போவதில்லை. ஒரு ஸ்டாப் முன்னாலேயே, பாலத்தில் இறங்கி, ஓடை வழியாகவே போய்விடலாம் என்று இருக்கிறேன். வெளிச்சம் இருக்கும்போதே வைத்துவிடலாம்.

பாலம் வந்துவிட்டது. வழி விடுங்க தம்பி. கண்டக்டர், ஆள் இறங்கணும்.

அட, அங்கே குடையோடு நிற்பது யார்? புத்னி மாதிரி இருக்கு. புத்னிதான். மங்ரியையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், கழுத்தில் மப்ளர் சுற்றி. இவளுக்கு இந்த ஸ்டாப்பில் என்ன வேலை? யார் சொல்லியிருப்பார்கள்? செல்லக்கனியிடம் மட்டும்தானே சொன்னேன்.

பாருங்க, நான் எழுந்திருக்கிறதுக்குள் படியில் ஏறி வந்து பையை வாங்கிவிட்டாள்.